விமானத்தின் விலா எலும்புகள்

தொழிற்பேட்டை ஒன்றில் நுழைந்து, "இந்த வரைபடத்தின்படி பத்தாயிரம் தகட்டு உறுப்புகள் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். முதலாளியே எழுந்து வந்து உபசரிப்பார். அதே வரைபடத்தைக் காட்டி, "பத்து வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அவர்மீது குற்றம் இல்லை. எஃகில் ஓர் அச்சு வெட்டுவதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்தாயிரம் உறுப்புகளின் தலையில் பங்கிட்டால் ஒன்றுக்குப் பத்து ரூபாய். பத்து உறுப்புகளின் தலையில் ஏற்றினாலோ ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய். கணக்குத்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது.

பத்தே பத்து உறுப்புகளுக்காக இவ்வாறு படியேறி இறங்குகிறவர்களில் ஒரு விசித்திரமான கூட்டத்தார் உண்டு. தம் சொந்த வீட்டில், தம் கையாலேயே ஆகாய விமானம் கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் படும் பாட்டையும், அதற்கு உள்ள வழியையும் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

வீட்டில் விமானமா என்று சிலர் வியக்கக்கூடும். இது விளையாட்டுப் பேச்சன்று. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர் இத்தகையோருக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதே நாட்டில் ஜான் தார்ப் என்னும் பொறியியல் அறிஞர், வீட்டில் கட்டுவோருக்காகவே டி-18 என்ற இருவர் அமரும் அலுமினிய விமானத்தை வகுத்துக் கொடுத்தார். அது 1964-இல் முதன்முதலாகப் பறந்தது. டான் டெய்லர் என்பவர் தாம் கட்டிய டி-18-இல் ஏறி 1976-இல் உலகையே வலம் வந்தார். வீட்டில் கட்டிய விமானம் ஒன்று பூமியைச் சுற்றி வந்தது அதுவே முதல் தடவை. நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2016-இல் மும்பையில் நடைபெற்ற தொழிற்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-இல் அரசாங்கப் பதிவும் பெற்றது.

அலுமினிய விமானத்தின் இறக்கையை உரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு மீனின் எலும்புக்கூடுதான். நீளவாட்டில் முதுகெலும்பு போன்ற ஒரு சட்டம். அதை ஸ்பார் என்பார்கள். அதற்குக் குறுக்கே, இறக்கைக்கு வளைவான உருவத்தைத் தருகின்ற விலாக்கள். இந்த விலாக்கள் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் வெட்டப்படுகின்றன. ஓரம் முழுவதும் செங்கோணமாக மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பு விளிம்பின் மேல்தான் இறக்கையின் மேல்தகடு ரிவெட் ஆணிகளால் பொருத்தப்படுகிறது. சிறு விமானம் ஒன்றுக்கு இருபத்தைந்து, முப்பது விலாக்கள் தேவைப்படும். அவற்றிலும் பாதி இடக்கை, பாதி வலக்கை. ஆகவே ஒரே உருவத்தில் பத்துப் பன்னிரண்டு என்றால் அதிகம். நேர்கோட்டில் மடிப்பதற்கு மடிப்பு யந்திரம் போதும். ஆனால் விலாவின் ஓரம் வளைந்தல்லவா செல்கிறது? வளைந்த ஓரத்தை மடிக்கும்போது தகடு ஓரிடத்தில் சுருங்க வேண்டும், ஓரிடத்தில் விரிய வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான்.

நான் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஒன்றின் தகட்டு வேலைப் பகுதியில் 32 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். என் பாட்டனார் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். தகட்டை அடித்துக்கொண்டே வருவார்; அது முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் அடிப்பதை நிறுத்தி நெருப்பில் காட்டுவார்; இளகியபின் மறுபடி அடிப்பார். "பதம் போனபின் அடிக்கிறவன் பாத்திரம் செய்யவில்லை, ஓட்டை செய்கிறான்" என்பது அவர் வாக்கு. விமானத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கின் விரிவுரை என்றே சொல்லலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என் வீட்டைத் தேடி வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் கணிப்பொறி உத்தியோகம். வெளிநாட்டு வரைபடம் ஒன்றை வாங்கி, வாடகைக் கொட்டகையில் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய தொழிற்சாலைகள் கைவிரித்த பின், ஒரு சிறு பட்டறையில் 28 விலாக்களையும் செய்வித்துவிட்டார். இடப்புற இறக்கையில் பாதிக்கு மேல் ரிவெட் அடித்தாகிவிட்டது. மிஞ்சியிருந்த விலாக்களில் ஒன்றை என்னிடம் காட்டி, "ஐயா, வேலை நன்றாக வந்திருக்கிறதா, பாருங்கள்" என்றார்.

பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மடிப்பின் வெளிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். மயிரிழை போல் ஒரு வெடிப்பு, மடிப்பின் நீளத்துக்கு விரலளவு ஓடிற்று. அடுத்ததை எடுத்தேன், அதிலும் இருந்தது. தகட்டின் ஆலைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "விமானத் தகடு என்று சொல்லித்தான் ஐயா கொடுத்தார்கள்" என்றார். விமானத்துக்கென்று வரும் தகட்டின் மேல், உலோகக் கலவையின் எண்ணும், பதத்தின் குறியும், தடிப்பும் வரிவரியாக மையினால் அச்சிடப்பட்டிருக்கும். இவர் வாங்கிய தகட்டில் ஒரு வரியும் இல்லை.

"எல்லாவற்றிலும் வெடிப்பு இல்லையே ஐயா, நல்லதாகப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. வேகவில்லை என்று சொல்வதற்கு அந்த ஒரு சோறு போதும். வெந்துவிட்டது என்று சொல்வதற்கு, விமானத்தைப் பொறுத்தவரை, அது போதாது. இன்று கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, இறக்கை ஓராயிரம் தடவை ஆடி அதிர்ந்தபின் தெரியும். அப்போது அதைப் பார்க்க வேண்டிய இடம் கொட்டகையன்று, ஆகாயம். "தம்பி, தகடு இன்னதென்று தெரியாத ஒரு விலாவை நான் என் வீட்டுப் பரணுக்குக்கூட முட்டுக் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. பத்து மாத உழைப்பு அது. ஒரு வாரம் கழித்து ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கையில் அடித்திருந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுக் கழற்றி, 28 விலாக்களையும் கொண்டுவந்திருந்தார். "இனிச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். அன்று முதல் அவர் எனக்கு மாணவர்.

முதல் பாடம் அச்சுக்கட்டை. பத்து உறுப்புக்கு எஃகு அச்சு வேண்டியதில்லை. கெட்டியான மரமோ, ஹைலம் பலகையோ போதும். விலாவின் உருவத்தில், மடிப்பின் அளவைக் கழித்து, பலகையை வெட்ட வேண்டும். முன்பு இதை அரத்தாலும் உப்புத்தாளாலும் நாட்கணக்கில் செய்தோம். இன்று கணிப்பொறி ஓட்டும் ரூட்டர் யந்திரம் சில மணி நேரத்தில் வெட்டித் தருகிறது. ஓர் அச்சுக்கட்டையின் இரு முகங்களையும் பயன்படுத்தினால் இடக்கை விலா, வலக்கை விலா இரண்டும் அதிலேயே கிடைக்கும்.

கட்டையின் ஓரத்தைக் கத்தி முனை போல் விடக் கூடாது, உருட்டிவிட வேண்டும். கடினமான பதத்தில் உள்ள 2024 கலவைத் தகட்டை மடிப்பதானால், தடிப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆரம் வேண்டும். இளைஞரின் முதல் விலாக்கள் வெடித்ததற்குக் கட்டையின் கூரிய ஓரமும் ஒரு காரணம். மடித்த தகடு, கையை எடுத்ததும் சற்றுப் பின்வாங்கும். அதற்காகக் கட்டையின் பக்கத்தைச் செங்கோணத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி உள்வாங்கிச் சரித்து வைக்க வேண்டும். கடினமான தகட்டுக்கு இன்னும் கூடுதலாக. கடைசியாக, கட்டையில் இரண்டு முளைகள். தகட்டில் அவற்றுக்குச் சரியான இரண்டு துளைகள். அடிக்கும்போதும் அழுத்தும்போதும் தகடு நகராமல் இருப்பதற்கு இவையே காவல்.

வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மடிப்பு விரியும்போது வெடிப்பு அந்தப் பிசிரிலிருந்துதான் புறப்படும். மடிக்கும் இடத்தில் கூரான ஊசியால் கோடு கிழிப்பதும் கூடாது. கோடு கிழித்த இடத்தில் வெடிக்கச் சொல்லித் தகட்டுக்கு நாமே உத்தரவு கொடுத்தது போலாகும்.

இனி, மடிப்பது எப்படி? எளிய வழி, தகட்டை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து முடுக்கி, கொட்டாப்புளியால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்டி இறக்குவது. ஓரிடத்திலேயே அடித்து முடித்துவிட முயல்கிறவன் தகட்டைக் கெடுப்பான். வெளிப்புறம் வளைந்த ஓரத்தில் மடிப்பு விளிம்புக்கு இடம் போதாமல் தகடு அலையலையாக எழும்பும். அந்த மிகுதியை ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட இடங்களில் சிறு சிறு கொசுவங்களாகத் திரட்டிவிட வேண்டும். சேலைக்குக் கொசுவம் வைப்பது போன்றதே அது. வைத்தவுடன் வளைந்து நின்ற விலா நிமிர்ந்து நேராவதைக் காணலாம்.

இரண்டாவது வழி ரப்பர் மெத்தை. 1930-களில் அமெரிக்காவில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ஹென்றி கெரின் என்பவர் இதை உருவாக்கினார். கட்டையின் மேல் தகட்டை வைத்து, எஃகுப் பெட்டிக்குள் அடைத்த கெட்டி ரப்பரை அதன்மேல் பிரஸ்ஸால் அழுத்தினால், ரப்பர் தண்ணீர் போல் எல்லாப் பக்கமும் வழிந்து தகட்டைக் கட்டையோடு படிய வைக்கிறது. மேலச்சே தேவையில்லை, ஒரே ரப்பர் எத்தனை உருவத்துக்கும் மேலச்சாக நிற்கிறது. சிறு தொகையில் உறுப்பு செய்வதற்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது.

ஆனால் இதிலும் கணக்குப் பார்க்க வேண்டும். ரப்பரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்தது 70 கிலோ அழுத்தமாவது வேண்டும். பட்டறைகளில் சாதாரணமாகக் காணப்படும் 20 டன் பிரஸ்ஸில் 285 சதுர சென்டிமீட்டருக்கு மேல் அந்த அழுத்தம் கிடைக்காது. அது ஒரு சாண் சதுரம்கூட இல்லை. சிறு தாங்கிகளுக்கு அது போதும். விலாவின் மூக்குப் பகுதிக்கு 20-க்கு 40 சென்டிமீட்டர் ரப்பர் என்றால் 56 டன். ஒரு மீட்டர் நீளமுள்ள விலாவுக்கு 25-க்கு 100 சென்டிமீட்டர் என்றால் 175 டன். ஆகவே மூக்கு விலாவைச் சொந்தமாகச் செய்யலாம். பெரிய விலாவுக்குப் பெரிய பிரஸ் உள்ளவரிடம் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது பாடம் பதம். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் செம்பும் மெக்னீசியமும் சிறிது கலந்த அலுமினியத்தைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து அதையே மறுபடி சோதித்தபோது, தானாகவே கடினம் ஏறியிருக்கக் கண்டார். விமானத் தொழிலுக்கு அடிப்படையாக அமைந்த கண்டுபிடிப்பு அது. இன்று 2024 என்ற எண்ணால் வழங்கும் கலவை அந்த வமிசத்தைச் சேர்ந்ததே. அதன் டி3 என்ற பதத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் 45 கிலோவையும் தாங்கும். 6061 என்ற மற்றொரு கலவை, டி6 பதத்தில் 30 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் துருவை நன்றாக எதிர்க்கும். வரைபடத்தில் எது சொல்லியிருக்கிறதோ அதுவே வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

வீட்டில் 6061 தகட்டை இளக்குவதற்குப் புகைக்கரி பூசி, கரி மறையும் வரை சுடர் காட்டும் பழக்கம் உண்டு. இளகிய தகடு இனிமையாக மடியும் என்பது உண்மை. ஆனால் இழந்த பலம் தானாகத் திரும்பி வராது. உலையிலிட்டு மறுபடி பதமேற்றினாலன்றி, அந்த உறுப்பு பார்வைக்கு விமான உறுப்பு, பலத்தில் அடுக்களைப் பாத்திரம். இதை மறந்தவர்கள் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் விலாக்களை 2024 கலவையின் இளகிய பதமான ஓ பதத்தில் மடித்து, பிறகு பதமேற்றுவது என்று முடிவு செய்தோம். இதற்கு உலை 493 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். 500 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் உலோகத்தின் உட்புறத்தில் அணுத்திரள்களின் எல்லைகள் உருகத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெப்பம் குறைந்தாலோ போதிய பலம் ஏறாது. இது வீட்டு அடுப்பில் செய்யக்கூடிய காரியமன்று. விமான உறுப்புகளுக்குப் பதமேற்ற அங்கீகாரம் பெற்ற உலைக்கூடத்துக்கே அனுப்ப வேண்டும்.

இங்கேதான் மறுபடியும் பழைய கேள்வி எழுந்தது. 28 விலாக்களுக்காகப் பெரிய பிரஸ்ஸையும் உலையையும் யார் திறப்பார்கள்? இளைஞர் அதே வரைபடத்தை வைத்துக் கட்டுகின்ற வேறு இருவரைத் தேடிப் பிடித்தார். ஒருவர் புனேயில், ஒருவர் ஹைதராபாத்தில். மூவருக்குமாக 84 விலாக்கள் ஆயின. ஊர் கூடினால்தானே தேர் நகரும்? பிறகு ஒரு தொழிற்சாலைக்குச் சென்றோம். நாங்கள் "செய்து தாருங்கள்" என்று கேட்கவில்லை. அச்சுக்கட்டைகள் எங்களுடையவை. தகடு எங்களுடையது, சான்றிதழோடு. தகடுகளை உருவத்துக்கு வெட்டி, பிசிர் நீக்கி, முளைத்துளை இட்டு, எண்ணிட்டு அடுக்கிக் கொண்டுபோயிருந்தோம். "உங்கள் பிரஸ் ஒரு பொழுது எங்களுக்கு வாடகைக்கு வேண்டும்" என்று மட்டுமே கேட்டோம். முன்பு முகம் திருப்பியவர்கள் வரிசையில் இருந்த அந்த மேலாளர், கட்டைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகலை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். சமைத்துக் கொண்டுபோனதைப் பரிமாற மட்டும் இலை கேட்டவர்களுக்கு அவர் இலை போட்டார்.

பதமேற்றும் நாளன்று அதே தகட்டில் வெட்டிய மாதிரித் துண்டுகளையும் விலாக்களோடு உலைக்குள் வைத்தோம். பின்னர் அந்தத் துண்டுகளை இழுத்து முறித்துச் சோதித்தால் விலாவின் பலம் தெரிந்துவிடும். தண்ணீரில் தோய்த்து எடுத்த விலாக்கள் சற்று முறுக்கிக்கொண்டுதான் வந்தன. தோய்த்த சிறிது நேரத்துக்கு உலோகம் மெழுகு போல் இணக்கமாக இருக்கும். மணிக்கு மணி கடினம் ஏறும். நான்கு நாளில் முழுப் பலமும் வந்துவிடும். ஆகவே அரைமணி நேரத்துக்குள் நால்வரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம். எஞ்சியவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துச் செய்தோம். குளிர் அந்தக் கடினத்தைத் தாமதப்படுத்தும். 84-இல் 5 விலாக்களை நாங்களே கழித்தோம். இம்முறை அந்த இளைஞர்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கழித்தவர். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். வீட்டில் கட்டுவோருக்கு உறுப்புகளைத் தொகுப்பாக விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, தேவை பெருகிய காலத்தில், ரிவெட் துளைகளை வழக்கப்படி பன்ச் செய்யாமல் வெளியிடங்களில் லேசர் கதிரால் வெட்டுவித்தது. ரிவெட்டின் தலை படிவதற்காகத் துளையின் ஓரத்தைக் குழித்தபோது, அந்த ஓரங்களிலிருந்து வெடிப்புகள் தோன்றின. 2023-இல் இது பெரும் பிரச்சினையாயிற்று. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டு டிசம்பரில் அந்த நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று. துளை எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமன்று, எப்படி இடப்பட்டது என்பதும் உறுப்பின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

நேயர்களே, பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் புனேயிலும் பெங்களூரிலும் உலோகத்தோடு பழகும் தமிழர்கள் எத்தனையோ பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வாசலுக்கும் ஒரு நாள் யாரேனும் ஒருவர் பத்து உறுப்புக்கான வரைபடத்தோடு வரக்கூடும். விமானத்துக்கென்றால், அரசாங்க விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தகட்டுக்குச் சான்றிதழ் கேளுங்கள். அதே வரைபடக்காரர் வேறு யாரும் உண்டா என்று கேளுங்கள். பிறகு ஒரு கட்டை வெட்டிக் கொடுங்கள். எண்ணிக்கை சிறிது என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தப் பட்டறைக்குப் போவார், எந்தத் தகட்டை வாங்குவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைஞரின் விமானம் இன்னும் பறக்கவில்லை. இடப்புற இறக்கை முடிந்துவிட்டது, வலப்புறம் நடந்துகொண்டிருக்கிறது. அச்சுக்கட்டைகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கழித்த முதல் 28 விலாக்களில் ஒன்றை அவர் தம் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதன் அடியில் ஒன்றும் எழுதவில்லை. வருகிறவர்கள் கேட்டால் அந்த வெடிப்பைக் கண்ணாடி வைத்துக் காட்டுகிறார்.